வன்முறை கலந்தால் அது சட்டமறுப்பு ஆகுமா?

கேள்வி இதுதான்: போராடுகிறவர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனால் கல் பறக்கிறது, கண்ணாடி உடைகிறது, எங்காவது ஒரு மூலையில் தீயும் வைக்கப்படுகிறது. இதையும் சட்டமறுப்பு என்ற கணக்கில் சேர்க்கலாமா? இல்லை, வன்முறை நுழைந்தவுடனே அந்தப் பெயர் போய்விடுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளின் மேல் கை வைத்தால் அது சட்டமறுப்பு இல்லை. பொருளை உடைப்பது சில சமயம் சட்டமறுப்பாக இருக்கலாம், பல சமயம் இருக்காது. ஆனால் 'இது சட்டமறுப்பு இல்லை' என்பது வேறு, 'இது தவறு' என்பது வேறு. இந்த விவாதத்தில் முக்கால்வாசிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதால் வருவது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். நாம் வெறுமனே 'சட்டமறுப்பு' என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு முன்னால் 'சிவில்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழுக்கு வரும் வழியில் அது கழன்று விழுந்துவிட்டது. சண்டை முழுவதும் அந்த ஒட்டைப் பற்றியதுதான். அதற்குக் 'குடிமக்கள் சார்ந்த' என்றும் பொருள் உண்டு, 'பண்பான, மரியாதை தவறாத' என்றும் பொருள் உண்டு. முதல் பொருளை எடுத்தால் குடிமகனாக நின்று அரசை மீறுவதெல்லாம் உள்ளே வந்துவிடும். இரண்டாவதை எடுத்தால் வன்முறைக்கு வாசலிலேயே அனுமதி இல்லை.

இந்தச் சிந்தனைக்குத் தந்தை என்று எல்லாரும் சொல்லும் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவைக் கேட்டால் தெளிவு கிடைக்குமா என்றால், கிடைக்காது. அடிமை முறையையும் மெக்சிகோ மீதான போரையும் தாங்கிப் பிடிக்கும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று சொல்லி, 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்துவிட்டார். 1849-இல் அவர் அச்சிட்ட கட்டுரையின் தலைப்பில் 'சிவில் அரசாங்கத்துக்கு எதிர்ப்பு' என்றுதான் இருந்தது. 'சிவில் சட்டமறுப்பு' என்று இன்று நாம் அறிந்த தலைப்பு 1866 பதிப்பில் வந்தது. அப்போது அவர் இறந்து 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்னொன்றையும் பலர் சொல்வதில்லை. 1859-இல் ஜான் பிரவுன் அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்துக் கிளர்ச்சி செய்விக்க ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கினார், ஆட்கள் செத்தார்கள். ஊரே பிரவுனைப் பைத்தியக்காரன் என்று திட்டியபோது மேடை ஏறி அவருக்காக வாதாடியவர் தோரோ. ஆக, அகிம்சையை அந்தச் சொல்லோடு முடிச்சுப் போட்டது அவர் இல்லை.

அந்த முடிச்சைப் போட்டவர் காந்தி. மறுப்பு 'சிவில்' ஆக இருக்க வேண்டுமென்றால் அதில் உண்மை வேண்டும், மரியாதை வேண்டும், அடக்கம் வேண்டும், பகையோ வெறுப்போ இருக்கக்கூடாது என்று 1920-இல் எழுதினார். 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஏறக்குறைய இதையே சொன்னார்: அநீதியான சட்டத்தை மீறுகிறவன் அதை வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கத் தயாராக மீற வேண்டும். இந்த இரண்டு பேரின் வழி அவ்வளவு பெரிய வெற்றியாகத் தெரிந்ததால், பின்னால் வந்த தத்துவக்காரர்கள் அதையே இலக்கணமாக எழுதிவிட்டார்கள்.

அப்படி எழுதியவர்களில் ஜான் ரால்ஸ் சொன்னதுதான் இன்றும் அடிக்கடி மேற்கோளாக வருகிறது. 1971-இல் அவர் கொடுத்த வரையறை: பொதுவெளியில், வன்முறை இல்லாமல், மனசாட்சிப்படி, ஆனால் அரசியல் நோக்கோடு, ஒரு சட்டத்தையோ கொள்கையையோ மாற்றுவதற்காகச் செய்யும் சட்டமீறல். வன்முறை ஏன் கூடாது? சட்டமறுப்பு என்பது பெரும்பான்மையினரின் நீதியுணர்வை நோக்கிச் செய்யும் முறையீடு என்கிறார் அவர். 'நாம் எல்லாரும் ஒப்புக்கொண்ட நீதியை நீங்களே மீறுகிறீர்கள், கொஞ்சம் யோசியுங்கள்' என்று கேட்பது. கேட்கிறவன் கையில் தடி இருந்தால் அது கேட்பதாக இருக்காது, மிரட்டலாக மாறிவிடும்.

ரால்ஸை எடுத்து வீசுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இரண்டு. ஏறக்குறைய நீதியான ஒரு ஜனநாயக சமூகத்துக்கு மட்டும்தான் அவர் இதை எழுதினார். கொடுங்கோலாட்சியில் என்ன செய்வது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வியே இல்லை. அப்புறம், முறையீடு பலிக்காமல் போனால் பின்னால் பலத்தைக் கையில் எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்பதை அவரே விட்டுவைத்திருக்கிறார். வன்முறையை அவர் வேறு பெட்டியில் வைத்தாரே தவிர, அந்தப் பெட்டிக்கு நிரந்தரப் பூட்டுப் போடவில்லை.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? 1979-இல் சட்டத் தத்துவ அறிஞர் ஜோசப் ராஸ் ஒரு எளிய உதாரணத்தால் ரால்ஸின் வரையறையை ஆட்டம் காண வைத்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் தொடவில்லை. அது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். ஆனால் உயிர் போகலாம். இன்னொரு பக்கம், யாருக்கும் காயமில்லாத ஒரு சிறு வன்முறை. இதில் எது மோசம்? வன்முறையா இல்லையா என்பதை வைத்து மட்டும் எல்லை போட்டால், பெரிய தீங்கு உள்ளே வந்துவிடும், சிறிய தீங்கு வெளியே நிற்கும். ஆகவே வன்முறையின்மையை வரையறையிலேயே சேர்க்காதே. செய்தது நியாயமா என்று பார்க்கும்போது அதை எடையில் வை என்பது அவர் வாதம்.

இது கனமான வாதம், தட்டிக்கழிக்க முடியாது. இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், 'சட்டமறுப்பு மனதை மாற்றப் பார்க்கிறது, வன்முறை நிர்ப்பந்திக்கிறது' என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் பேருந்துகளில் இருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்களே, அது பேருந்து நிறுவனத்தின் மனதை உருக்கவா? அதன் வருமானத்தையும் நெருக்கியது அது. 1930-இல் காந்தி தண்டியில் உப்பை அள்ளினார். கூடவே அரசின் உப்பு ஏகபோகமும் அதில் வந்த வருமானமும் குறியாக இருந்தன. சாலை மறியல், அலுவலக முற்றுகை எல்லாமே கொஞ்சம் கழுத்தைப் பிடிக்கிற வேலைதான். சட்டமறுப்பு என்றால் பூங்கொத்தோடு வந்து கெஞ்சுவது என்ற படம், போராட்டம் முடிந்து பல ஆண்டு கழித்துச் சிலை திறக்கிறவர்கள் வரைந்தது.

அப்படியானால் எல்லை எங்கே? நிர்ப்பந்தத்தின் விலை யார் தலையில் விழுகிறது என்பதில் என்று நினைக்கிறேன். சட்டமறுப்பாளர் தன் உடம்பை முன்னால் வைக்கிறார். 'நான் மீறினேன், இதோ என் முகம், என்ன செய்வாயோ செய்' என்கிறார். 1930 மே மாதம் தாராசணா உப்பளத்தில் சத்தியாக்கிரகிகள் வரிசை வரிசையாக முன்னே போனார்கள், தடியடி வாங்கி விழுந்தார்கள், அடுத்த வரிசை வந்தது. அடித்தவன் ஒருவன், அடி வாங்கியவன் இன்னொருவன், பார்க்கிறவர்களுக்கு எது எது என்று சந்தேகமே வரவில்லை. அங்கே ஒரு தொண்டர் திருப்பி அடித்திருந்தால், அது புரிந்துகொள்ளக்கூடிய கோபமாக இருந்திருக்கும். ஆனால் அந்த விலையில் ஒரு பங்கு அடுத்தவன் உடம்புக்கு, அவன் சம்மதமில்லாமல், மாறியிருக்கும். அந்த மாற்றத்தைத்தான் 'சட்டமறுப்பு' என்ற சொல் தாங்காது என்கிறேன்.

ராஸின் ஆம்புலன்ஸ் வேலைநிறுத்தமும் அடுத்தவன் உடம்பில்தானே விலையை ஏற்றுகிறது என்று கேட்பீர்கள். ஆமாம். அதனால்தான் எனக்கு அதையும் சட்டமறுப்பு என்று சொல்ல நா எழவில்லை. வன்முறை இல்லை என்பதாலேயே ஒரு செயல் உள்ளே வந்துவிடாது.

பொருள் சேதத்துக்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக்கு வலிக்காது. கொடுமையான ஒரு எந்திரத்தின் ஒரு பல்லை உடைப்பதும் மனிதனின் பல்லை உடைப்பதும் ஒன்று என்று சொல்கிறவரோடு பேசுவது கஷ்டம். கிங்கே, தன் நாட்டு நகரங்கள் பற்றியெரிந்த 1967-இல், அந்தக் கலவரங்களின் வன்முறை பெரும்பாலும் ஆட்களைவிடச் சொத்துகள் மேல்தான் திரும்பியது என்பதைச் சுட்டிக்காட்டி, அதில் ஏதோ பொருள் இருக்கிறது என்றார். கலவரத்தை அவர் ஆதரிக்கவில்லை. ஆனால் வித்தியாசத்தைப் பார்த்தார்.

1968 மே 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் கேட்டன்ஸ்வில் என்ற ஊரில் 9 பேர், அவர்களில் பாதிரியார்களான டேனியல் பெரிகன், பிலிப் பெரிகன் சகோதரர்களும் உண்டு, படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்குள் நுழைந்து 378 கோப்புகளை அள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். வியட்நாம் கிராமங்கள் மேல் விழுந்துகொண்டிருந்த நாபாம் என்ற எரிகலவை போலவே வீட்டில் தயாரித்த ஒன்றை அதன் மேல் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஜெபம் சொல்லிக்கொண்டே போலீஸுக்காகக் காத்திருந்தார்கள். கோப்பைப் பறிக்கும் இழுபறியில் அலுவலக ஊழியர் ஒருவருக்குச் சிறு காயம். மற்றபடி ஆளுக்குச் சேதமில்லை. அரசுச் சொத்தை அழித்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் எதை எரித்தார்கள் என்று பாருங்கள்: இளைஞர்களைப் போருக்கு அனுப்பும் காகிதங்களையே. ஓடவில்லை, முகத்தை மறைக்கவில்லை. இதைச் சட்டமறுப்பு இல்லை என்று தள்ள எனக்கு மனமில்லை. (கதை இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்: தண்டனை உறுதியான பிறகு 1970-இல் டேனியல் பெரிகன் சிறைக்குப் போகாமல் சில மாதம் தலைமறைவானார். தண்டனையைப் பணிந்து ஏற்பது இலக்கணத்தின் ஒரு பகுதி என்பவர்களுக்கு அவர் அன்றும் ஒரு தலைவலி.)

இன்னொரு பக்கம் பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எம்மலின் பாங்கர்ஸ்டின் அமைப்பு. 1912-இல் லண்டன் கடைவீதிக் கண்ணாடிகளை உடைத்துவிட்டுக் கைதாக நின்றார்கள். இது கேட்டன்ஸ்வில் பக்கத்தில் வரும். அப்புறம் படிப்படியாக ஏறியது. ஆளில்லாத கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். 1913 பிப்ரவரியில் அமைச்சர் லாய்ட் ஜார்ஜுக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வீட்டில் குண்டு வெடித்தது. பொறுப்பை ஏற்ற பாங்கர்ஸ்டுக்கு 3 ஆண்டு தண்டனை கிடைத்தது. உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பது அவர்கள் சொன்ன விதி. ஆனால் அஞ்சல் பெட்டிகளில் போட்ட ரசாயனம் கடிதத்தோடு நிற்கவில்லை, அதை எடுத்த அஞ்சல் ஊழியர்களின் கையையும் சுட்டது. வாக்குரிமையை மறுத்தது அந்த ஊழியர்களா? ஒரே இயக்கம், ஒரே கோரிக்கை, ஒரே இரண்டு ஆண்டுகளுக்குள். கண்ணாடி உடைத்தது எல்லைக்கு இந்தப் பக்கம். தபால் பெட்டி அந்தப் பக்கம். இயக்கத்துக்கு மொத்தமாக ஒரு முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம். செயல் செயலாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆக, சேதப்படுத்தியது சட்டமறுப்பா என்று யாராவது கேட்டால் நான் தேடுவது இவற்றைத்தான்: உடைத்த பொருளுக்கும் எதிர்க்கும் அநீதிக்கும் நேரடித் தொடர்பு உண்டா, அதனால் யாராவது காயப்பட வாய்ப்பு இருந்ததா, உடைத்தவர் 'நான்தான்' என்று நின்றாரா. முதல் கேள்வியிலேயே பெரும்பாலான கடைச் சூறையாடல்கள் விழுந்துவிடும். நீதிமன்றங்கள் இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பதில்லை. 2020 ஜூனில் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்துத் துறைமுக நீரில் தள்ளினார்கள். வழக்கில் 4 பேரை ஜூரி விடுவித்தது. ஆனால் அதில் எழுந்த சட்டக் கேள்வி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தச் சிலையைச் சாய்த்தது வன்முறைதான், அமைதியான போராட்டத்துக்கான மனித உரிமைப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று 2022-இல் சொல்லிவிட்டார்கள். பொருளின் மேல் வன்முறை என்று ஒன்று உண்டு என்பது சட்டத்தின் பார்வை. எனக்கு அது கொஞ்சம் அவசரமான பார்வையாகப் படுகிறது.

இனி, முதலில் சொன்ன அந்த வித்தியாசம். மண்டேலாவை வைத்து இதைப் பேசுவது நல்லது, ஏனென்றால் அவர் இரண்டு வழியிலும் நடந்தவர். 1952-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த சட்டமீறல் இயக்கத்தில், வெள்ளையர்களுக்கு மட்டும் என்ற வாசல்களில் நுழைந்து 8,000-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அந்தத் தொண்டர்களைத் திரட்டும் பொறுப்பு அவருடையது. அது எந்த இலக்கணத்துக்கும் பொருந்தும் சட்டமறுப்பு. 1960 மார்ச் 21-ஆம் தேதி ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. 1961 டிசம்பரில் அதன் ஆயுதப் பிரிவு தொடங்கியது. 1964-இல் ரிவோனியா வழக்கில் கூண்டில் நின்று அவர் இதை மறைக்கவில்லை. நாச வேலை, கெரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி என்று வன்முறையில் நான்கு வகை இருப்பதாகச் சொல்லி, உயிர்ச்சேதம் இல்லாததால் முதலில் நாச வேலையைத் தேர்ந்தெடுத்தோம் என்றார்.

அவர் தன் நாச வேலையைச் சட்டமறுப்பு என்று அழைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். வன்முறை என்றே பெயர் சொல்லி, அதற்கான நியாயத்தைத் தனியாக வாதாடினார். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. 'சட்டமறுப்பு' என்பதைப் பாராட்டுப் பத்திரம்போல வைத்துக்கொண்டு, நமக்குப் பிடித்த போராட்டத்துக்கெல்லாம் அதை நீட்டினால், ஆயுதம் எடுப்பதற்குக் கொடுக்க வேண்டிய கடினமான நியாயத்தைக் கொடுக்காமலே தப்பித்துவிடலாம். கேண்டிஸ் டெல்மாஸ் என்ற தத்துவப் பேராசிரியர் இதே காரணத்தால்தான் வேறு சொல்லை எடுத்துக்கொள்கிறார்: பண்பற்ற மறுப்பு. ரகசியம், தப்பியோடுதல், சில இடங்களில் பலப்பிரயோகம் எல்லாம் இதில் அடக்கம். அது சில சமயம் நியாயம், சில சமயம் கடமையும்கூட என்பது அவர் வாதம். அடிமைகளை ரகசியமாகத் தப்ப வைத்தவர்களைச் சட்டமறுப்பின் அளவுகோலில் நிறுத்திக் குறை சொல்வது அபத்தம் என்று புரியும்போது அவர் சொல்வதும் புரியும்.

காந்திகூட இதை முழுக்க மறுக்கவில்லை. கோழைத்தனமா வன்முறையா என்று இரண்டே வழி இருந்தால் வன்முறையைத்தான் சொல்வேன் என்று 1920-இல் எழுதியவர் அவர்.

அடுத்து, பெரும்பாலும் அமைதியான ஒரு இயக்கத்தில் ஒரு கூட்டம் வெறிபிடித்து விட்டால்? 1922 பிப்ரவரி 4-இல் சௌரி சௌராவில், போலீஸ் சுட்டதும் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து 20-க்கும் மேற்பட்ட காவலர்களைக் கொன்றது. காந்தி இயக்கத்தையே நிறுத்தினார். சிறையில் இருந்த நேரு உள்ளிட்ட பலருக்கு அது பெரும் ஏமாற்றம். சௌரி சௌராவில் நடந்தது சட்டமறுப்பு இல்லை, அதில் விவாதமே வேண்டாம். ஆனால் அதே வாரம் நாட்டின் வேறு மூலையில் அமைதியாகக் கைதானவர் செய்தது சட்டமறுப்புதான். தொலைவில் எரிந்த காவல் நிலையம் அதன் பெயரை மாற்றாது. காந்தி நிறுத்தியது ஒரு தலைவரின் முடிவு, தன் சீடர்களைப் பற்றிய மதிப்பீடு. அதை வரையறையாக எடுத்துக்கொண்டால், எந்தப் போராட்டத்தையும் முடித்துவைக்கக் கல்லெறியும் ஒருவனைக் கூட்டத்துக்குள் அனுப்பினால் போதும் என்றாகிவிடும். அரசுகளுக்கு அந்த வித்தை தெரியாததல்ல.

வன்முறையால் பலன் உண்டா என்று பலர் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டீபனும் ஆராய்ந்தார்கள். வன்முறையற்றவை 53 சதவீதம், வன்முறையானவை 26 சதவீதம் வென்றதாகக் கணக்கு வந்தது. பயனுள்ள தகவல்தான், ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. தோற்ற சட்டமறுப்பும் சட்டமறுப்பே.

கடைசியாக, எனக்கே தீர்ப்புச் சொல்லக் கடினமான ஒன்று. 2019 ஜூலை 1 இரவு ஹாங்காங்கில் போராட்டக்காரர்கள் சட்டமன்றக் கட்டடத்தின் கண்ணாடியை இரும்பு வண்டியால் இடித்துத் திறந்து உள்ளே போனார்கள். பொருள்களை உடைத்தார்கள், சுவரில் எழுதினார்கள். அமைதி ஊர்வலத்தால் பயனில்லை என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான் என்று ஒரு தூணில் எழுதியிருந்தது. அதே ஆட்கள், உணவகக் குளிர்பெட்டியில் எடுத்த பானங்களுக்குக் காசு வைத்து, நாங்கள் திருடர்கள் இல்லை என்று சீட்டும் ஒட்டியிருந்தார்கள். உடைத்த பொருளுக்கும் கோரிக்கைக்கும் தொடர்பு நேரடியானது. மக்கள் முழுதாகத் தேர்ந்தெடுக்க முடியாத ஒரு சட்டமன்றம் அது. ஆனால் ஏறக்குறைய எல்லாரும் முகமூடி அணிந்திருந்தார்கள். தண்டனை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று தெரிந்த இடத்தில் முகத்தைக் காட்டு என்று வெளியிலிருந்து சொல்ல எனக்குத் தயக்கம். அன்றிரவு அவைக்குள் பிரையன் லியுங் என்ற மாணவர் மேசை மேல் ஏறி, முகமூடியைக் கழற்றிவிட்டுக் கோரிக்கைகளை வாசித்தார். பிறகு அவர் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் அவர் செய்ததைச் சட்டமறுப்பு என்று நான் தயங்காமல் சொல்வேன். அவரைச் சுற்றி முகமூடியோடு நின்றவர்கள் செய்ததற்கு டெல்மாஸின் சொல்தான் பொருந்தும். அவர்கள் செய்தது தப்பு என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.